பாதி டேங்க், முழு முள்

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வைத்திருப்பவர்கள் காரைப் பற்றிச் சொல்லும் குறைகள் சில நேரம் ஜோடியாக வரும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோலோ குறையவே மாட்டேன் என்கிறது. வெப்பநிலை காட்டும் முள் அபாயப் பக்கம் சாய்ந்து கிடக்கும். பெட்ரோல் முள் டேங்க் நிரம்பியிருப்பதாகச் சொல்லும். ஒன்று வயிற்றைக் கலக்கும், மற்றது வயிற்றில் பாலை வார்க்கும்.

இரண்டும் வேறுவேறு தொல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் மனித இயல்பு. அதனால் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். வாட்டர் பம்ப் மேலும் ஒரு கண் விழும். பெட்ரோல் விஷயத்தில் சந்தோஷம் கொஞ்ச நாள் நீடிக்கும். ஒரு மாலை டேங்க் வறண்டு வண்டி நடுவழியில் நிற்கும்போதுதான் அதுவும் கோளாறு என்பது புரியும். உடனே டேங்குக்குள் இருக்கும் மிதவை யூனிட்டைப் புதிதாக வாங்கிப் போடுவார்கள். இத்தனைக்குப் பிறகும் இரண்டு முட்களும் பழைய இடத்திலேயே நிற்கும். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை. எய்தவன் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு திருகில் மாட்டியிருக்கும், இரண்டு விரல் அகலமே உள்ள தகரப் பெட்டி. பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், கேன்லி ஆலையில் உருவானது. 1962 முதல் 1980 வரை உற்பத்தியில் இருந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. அடியில் இருக்கும் சேஸிஸ், 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். ஆக, ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய சென்னைக்காரர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான குடும்பம் அல்ல. மீட்டர்களைச் செய்து கொடுத்தது ஸ்மித்ஸ் நிறுவனம். 1851-இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கியது. பழைய பிரிட்டிஷ் காரில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எது கெட்டாலும் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்தை ‘இருளின் இளவரசர்’ என்று திட்டுவது ஒரு சம்பிரதாயம். இந்தக் கோளாறில் லூகாஸ் மேல் பழி போட வழியில்லை.

கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு முன், இந்த மீட்டர் உண்மையில் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் மட்டத்தையா? இல்லை. மின்னோட்டத்தையா? நேரடியாக அதுவும் இல்லை. அது காட்டுவது சூட்டை, அதுவும் தன் சொந்தச் சூட்டை. மீட்டருக்குள் ஓர் ஈருலோகப் பட்டை இருக்கிறது. சூடானால் அதிகம் விரியும் உலோகம் ஒன்று, குறைவாக விரியும் உலோகம் ஒன்று. இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டினால் சூடேறும்போது பட்டை வளையும். இஸ்திரிப் பெட்டி தானாக நின்று தானாக ஓடுவதும் இதே பட்டையால்தான். மீட்டரில் இந்தப் பட்டையின் மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடாகும், வளையும், முள்ளைத் தள்ளும். வெயில் நாளிலும் பனி நாளிலும் முள் தவறாகக் காட்டக் கூடாதே என்பதற்காகப் பட்டையை ‘ப’ வடிவில் வெட்டி, ஒரு காலில் மட்டும் கம்பியைச் சுற்றினார்கள். வெளிக்காற்றின் சூடு இரண்டு கால்களையும் ஒரே அளவில் வளைத்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கம்பியின் சூடு மட்டும் மிஞ்சும்.

இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவர் கடலில் நேரம் தவறாத கடிகாரத்துக்காக வாழ்நாளையே கொடுத்த ஜான் ஹாரிசன். 18-ஆம் நூற்றாண்டில் தன் மூன்றாவது கடற்கடிகாரத்தில், வெப்பநிலை மாறினாலும் நேரம் பிசகாமல் இருக்க அதைப் பயன்படுத்தினார். கடிகாரக்காரர்களாகத் தொடங்கிய ஸ்மித்ஸ் கைக்கு அது கார் மீட்டராக வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்.

சூட்டால் நகரும் முள்ளுக்கு அவசரம் கிடையாது. சாவியைத் திருப்பியதும் அது பத்து இருபது வினாடி எடுத்துக்கொண்டு, சோம்பலாக எழுந்து வரும். இது குறையல்ல, நோக்கமே அதுதான். அதற்கு முந்தைய காந்தச் சுருள் மீட்டர்களில் கார் ஒரு வளைவில் திரும்பினால் டேங்கில் பெட்ரோல் அலைமோதும், முள்ளும் கூடவே ஆடும். சூட்டு மீட்டர் அந்த அலைகளையெல்லாம் கண்டுகொள்ளாது. இதிலிருந்தே ஒரு பயனுள்ள தடயம் கிடைக்கிறது: உங்கள் காரில் முள் சாவி போட்டவுடன் வெடுக்கென்று குதித்தால் அது வேறு வகை மீட்டர், இந்தக் கட்டுரையின் பாதி அதற்குப் பொருந்தாது.

டேங்குக்குள் இருப்பது ஒரு மிதவை, ஒரு கை, கையின் நுனியில் ஒரு தொடுமுனை. தொடுமுனை ஒரு மின்தடைச் சுருளின் மேல் வருடிச் செல்லும். டேங்க் காலியாக இருந்தால் தடை ஏறக்குறைய 240 ஓம். நிரம்பியிருந்தால் 30 ஓம் பக்கத்தில். மீட்டர் கம்பியின் தடையைக் கணக்குக்காக 65 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தொடராக இருக்கின்றன. 10 வோல்ட் கொடுத்தால், டேங்க் காலியாக இருக்கும்போது மீட்டர் கம்பியில் பிறக்கும் சூடு 0.07 வாட், நிரம்பியிருக்கும்போது 0.72 வாட். பத்து மடங்கு வித்தியாசம். முள்ளின் முழு வீச்சும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான்.

பாதி டேங்குக்கு எத்தனை ஓம்? 240-க்கும் 30-க்கும் நடுவே 135 என்று மனக்கணக்குப் போட்டால் தப்பு. 135 ஓமில் பிறக்கும் சூடு 0.16 வாட்தான், முள் காலிக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். முள் நடுவில் நிற்க வேண்டுமானால் தடை 70 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும்; அப்போது சூடு சுமார் 0.36 வாட். மின்தடைச் சுருளைச் சீராகச் சுற்றாமல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் சுற்றுவதன் காரணம் இதுதான். எண்கள் இரண்டு முனையிலும் பொருந்துகின்றன என்று பார்த்து ஏதோ ஒரு மாற்று யூனிட்டை வாங்கிப் போட்டால், காலியும் முழுமையும் சரியாகக் காட்டி நடுவில் மட்டும் உளறுவதும் இதனாலேயே.

இனி 10 வோல்ட் என்று சொன்னதற்கு வருவோம். காரில் 10 வோல்ட் எங்கே இருக்கிறது? எஞ்சின் அணைந்திருந்தால் பேட்டரி 12 வோல்ட் சொச்சம். எஞ்சின் ஓடி, சார்ஜ் ஏறும்போது 14 வரை போகும். முகப்பு விளக்கும் வைப்பரும் சேர்ந்தால் கொஞ்சம் இறங்கும். கம்பியில் பிறக்கும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10-க்குப் பதில் 14 வோல்ட் போனால் சூடு 1.4 மடங்கு கூடாது, 1.96 மடங்கு கூடும்; அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. மேலே சொன்ன பாதி டேங்கின் 0.36 வாட்டை 1.96-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.70. முழு டேங்கின் சூடு அதே. பாதி டேங்க் பெட்ரோலை முழு டேங்க் என்று முள் காட்டுவதற்கு மாயம் மந்திரம் எதுவும் தேவையில்லை, 4 வோல்ட் கூடுதலாகப் போனால் போதும்.

வெப்பநிலை மீட்டரும் உள்ளே அதே பட்டை, அதே கம்பி. அதன் மறுமுனையில், எஞ்சினின் தண்ணீர் ஓடும் பாதையில், பித்தளை மூடிக்குள் ஒரு தெர்மிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் தடை குறையும். எனவே வோல்டேஜ் கூடினால் இந்த முள்ளும் சூட்டுப் பக்கம் போகும். இரண்டு மீட்டர்களும் ஒரே திசையில்தான் தப்பு செய்கின்றன. அந்தத் திசை ஒன்றில் நல்ல செய்தியாகவும் மற்றதில் கெட்ட செய்தியாகவும் படிக்கப்படுகிறது. ஓட்டுநருக்கு அவை எதிரெதிர்த் தொல்லைகளாகத் தோன்றுவது அதனால்தான்.

வோல்டேஜ் கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தத் தகரப் பெட்டி. பெட்டி என்றாலும் உள்ளே அதிகம் எதுவும் இல்லை. விளிம்பை மடித்துக் கவ்வியிருக்கும் மூடியை நெம்பித் திறந்தால் ஒரு ஃபைபர் அட்டை, அதன் மேல் மறுபடியும் ஓர் ஈருலோகப் பட்டை, பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி, நுனியில் ஒரு புள்ளியளவு காண்டாக்ட். மின்சாரம் வரும் முனைக்கு ‘பி’ என்றும், மீட்டர்களுக்குப் போகும் முனைக்கு ‘ஐ’ என்றும் அடையாளம். சுற்றிய கம்பியின் ஒரு நுனி மீட்டர் பக்கத்தோடும், மறுநுனி பெட்டியின் உடலோடும் இணைந்திருக்கும். உடல் டேஷ்போர்டின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகிறது.

காண்டாக்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போகும். அதே நேரம் சுற்றுக் கம்பியும் சூடாகும். பட்டை வளைந்து காண்டாக்ட் திறக்கும். மின்சாரம் நிற்கும், பட்டை ஆறும், காண்டாக்ட் மறுபடி மூடும். ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை இந்தத் திறப்பும் மூடலும் நடந்துகொண்டே இருக்கும். மீட்டருக்குப் போவது சீரான 10 வோல்ட் அல்ல. 12 வோல்ட், பூஜ்யம், 12 வோல்ட், பூஜ்யம். மீட்டரோ சோம்பேறி. அதன் பட்டை இந்தத் துடிப்பை உணர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். அது உணர்வது மொத்தச் சூட்டை மட்டுமே.

இதில்தான் வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஸ்டெபிலைசர் எதைச் சீராக வைக்கிறது? வோல்டேஜையும் அல்ல, அதன் சராசரியையும் அல்ல. தன் பட்டையின் சூட்டைச் சீராக வைக்கிறது. மீட்டருக்கும் வேண்டியது அதே சூடுதான். பேட்டரி 12 வோல்ட் கொடுக்கும்போது காண்டாக்ட் 69 சதவீத நேரம் மூடியிருந்தால், சூட்டுக் கணக்கில் அது சீரான 10 வோல்ட்டுக்குச் சமம். 14 வோல்ட் கொடுக்கும்போது 51 சதவீத நேரம் போதும். சராசரி வோல்டேஜைப் பார்த்தால் முதலாவது 8.3, இரண்டாவது 7.1. பேட்டரி வோல்டேஜ் ஏறுகிறது, சராசரி இறங்குகிறது, சூடு மட்டும் அசையாமல் நிற்கிறது. இதைத்தான் பாடப்புத்தகம் பயனுறு மதிப்பு என்கிறது. மாறுதிசை மின்னோட்டப் பாடத்தில் வேண்டாவெறுப்பாகப் படித்த அந்த வர்க்கமூலம், இங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் மூளையே இல்லாமல் கணக்கிடப்படுகிறது.

டிஜிட்டல் மல்டிமீட்டரோடு வரும் பலர் ஏமாறுவது இந்த இடத்தில். ‘ஐ’ முனையில் மீட்டரை வைத்தால் 12.4, 0, 11.9, 0, 6.2 என்று எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். பெட்டி செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உண்மையில் குதிப்பதுதான் ஆரோக்கியம். குதிக்காமல் 12 வோல்ட்டிலேயே நின்றால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது அல்லது எர்த் இல்லை என்று அர்த்தம். சாவி போட்டதிலிருந்து பூஜ்யத்திலேயே நின்றால் காண்டாக்ட் கருகிவிட்டது அல்லது ‘பி’ முனைக்கே மின்சாரம் வரவில்லை. இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டரை விடச் சின்ன டெஸ்ட் லேம்ப் நல்லது. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. பழைய ஏஎம் ரேடியோ இருக்கும் காரில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்டால் இதன் காண்டாக்ட் பொறி ‘டிக், டிக்’ என்று ஒலிப்பதும் உண்டு. இதே தத்துவத்தில் ஸ்டெபிலைசர் வைத்த அமெரிக்க ஃபோர்டு கார்களில் அந்த இரைச்சலை அடக்கவே தனியாக ஒரு சோக் சுருள் சேர்த்திருப்பார்கள்.

எர்த் இல்லாவிட்டால் மின்சாதனம் வேலை செய்யாது, விளக்கு மங்கும், மோட்டார் நிற்கும் என்பது நம் அனுபவம். இந்தப் பெட்டியில் நடப்பது நேரெதிர். உடலின் எர்த் விட்டுப்போனால் சுற்றுக் கம்பியில் மின்னோட்டம் பாயாது, பட்டை சூடாகாது, காண்டாக்ட் திறக்கவே திறக்காது. பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எர்த் போனதால் முள் ஏறுகிறது! யாரோ ஒருவர் டேஷ்போர்டைக் கழற்றி, அழகாகப் பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்டியிருப்பார். பெட்டி உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறியிருக்கும். புதுப்பித்த காரில் மீட்டர்கள் திடீரென்று மிகைப்படுத்தத் தொடங்கினால் நான் முதலில் சந்தேகிப்பது இதை. மருந்தும் மலிவு: உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்து, திருகை இறுக்குவது. இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் பெட்டியின் உடலிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயரை எர்த் இருக்கும் இடத்துக்கு இழுத்துவிடலாம்.

பெட்டியைத் திரும்ப மாட்டும்போது இன்னொன்று. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அதன் மேல் குறித்திருப்பார்கள். அலங்காரத்துக்கு அல்ல. சூடான காற்று மேலே எழும். பெட்டியைப் படுக்க வைத்தாலோ தலைகீழாக வைத்தாலோ பட்டை சூடாகி ஆறும் வேகம் மாறி, 10 வோல்ட் என்ற கணக்கு பிசகும்.

எதையும் கழற்றுவதற்கு முன், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு முட்களும் சேர்ந்து தப்புச் செய்கின்றனவா, ஒன்று மட்டுமா? சேர்ந்து என்றால் இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதுவே குற்றவாளி: ஸ்டெபிலைசர், அதன் எர்த், அல்லது அதற்கு வரும் ஒயர். டேங்குக்கும் எஞ்சினுக்கும் போகவே வேண்டாம். இரண்டும் செத்துக் கிடக்கின்றன, கூடவே இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டெபிலைசரும் நிரபராதி. பிரிட்டிஷ் காரில் இவை எல்லாமே சாவிக்குப் பின், ஒரே ஃபியூஸ் வழியாக வரும் பச்சை ஒயரில்தான் தொங்குகின்றன. கண்ணாடிக் குழாய் ஃபியூஸின் இரண்டு நுனிகளையும், அவற்றைக் கவ்வும் தகடுகளையும் பாருங்கள். அறுபது வருட ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவைத்து, ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்து அரை நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பெட்ரோல் முள் மேலே ஏறியிருந்தால், ஓடும் எஞ்சின் பெட்ரோலைச் சுரக்காது என்பதால், ஏறியது வோல்டேஜ்தான். நம் பாதி டேங்க் உதாரணத்தில் 12 வோல்ட்டில் முள் மூன்றில் இரண்டு பங்கு காட்டும், 14 வோல்ட்டில் முழுசாகக் காட்டும். செலவில்லாத, கை அழுக்காகாத சோதனை. ஆனால் இதைச் செய்துபார்க்காமல் நேராக டேங்கைத் திறப்பவர்களே அதிகம்.

ஒரு முள் மட்டும் தப்புச் செய்தால் கதை வேறு. ஒயர்களின் நிறம் இங்கே பெரிய உதவி. பச்சையில் கறுப்புக் கோடு டேங்குக்குப் போவது. பச்சையில் நீலக் கோடு எஞ்சினின் தெர்மிஸ்டருக்குப் போவது. ஸ்டெபிலைசரிலிருந்து மீட்டர்களுக்கு வருவது இளம்பச்சை. டேங்க் பக்கம் பச்சை-கறுப்பைக் கழற்றினால் முள் காலிக்கு விழ வேண்டும். விழாவிட்டால் ஒயர் வழியில் எங்கோ இரும்பைத் தொடுகிறது. கழற்றிய நுனியை எர்த்தில் தொட்டால் முள் முழுசைத் தாண்டி ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் ஒயரும் சரி. தப்பு டேங்குக்குள் அல்லது டேங்கின் எர்த்தில்.

எர்த்தில் தொடும் இந்தச் சோதனையைப் பட்டறைகளில் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நேராக எர்த் கொடுத்தால் மீட்டர் கம்பியில் 1.5 வாட் எரியும், முழு டேங்கில் எரிவதைப் போல் இரண்டு மடங்கு. ஸ்டெபிலைசரும் ஒட்டிக்கொண்டிருந்தால் 3 வாட். தொட்டுவிட்டு முள்ளைப் பார்க்க முன்பக்கம் நடந்து போய் வருவதற்குள் அறுபது வருடக் கம்பி கருகலாம், அல்லது பட்டை நிரந்தரமாக வளைந்துவிடலாம். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மூன்று மின்தடைகள், 33, 68, 220 ஓம், பையில் இருந்தால் இந்த ஆபத்தே இல்லை. டேங்க் யூனிட்டுக்குப் பதிலாக ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் முழுசு, பாதி, காலிக்குச் சற்று மேல் என்று முள் நிற்க வேண்டும். மீட்டர் சரியா என்பது மட்டுமல்ல, எவ்வளவு சரி என்பதும் தெரிந்துவிடும்.

டேங்குக்குள்தான் தப்பு என்று உறுதியான பிறகு யூனிட்டைக் கழற்றலாம். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்காமல். காலி டேங்க் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலி டேங்க்தான் நிறைந்த டேங்கை விட மோசம். பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி வேண்டாம், பொறி பறக்காத பித்தளைத் துண்டு போதும். வெளியே எடுத்த யூனிட்டின் கையை மெல்ல நகர்த்தியபடி ஓம் அளவைப் பாருங்கள். எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவே திடீரென்று அளவே இல்லாமல் போனால் அந்த இடத்தில் சுருள் அறுந்திருக்கிறது. வண்டியில் அது, குறிப்பிட்ட ஒரு மட்டம் வந்ததும் முள் செத்து விழுந்து, பிறகு மறுபடி உயிர்பெறுவதாகத் தெரியும். முள் எப்போதும் காலியிலேயே இருந்தால் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஊசிமுனை ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கிப் போயிருக்கிறது.

தெர்மிஸ்டர் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. அதன் எர்த் திருகு மரை வழியாகத்தான் போகிறது என்பதால், தண்ணீர் கசியாமலிருக்க டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் நொண்டும், முள் குறைத்துக் காட்டும். நிஜமாகவே கொதிக்கும் எஞ்சினில் இது விபரீதம்.

ஸ்டெபிலைசரே கெட்டிருந்தால்? பழைய பெட்டியைத் திறந்து காண்டாக்ட்டைத் தேய்த்துச் சரிசெய்யலாம்; கொஞ்ச நாள் ஓடும். அதே தகர மூடிக்குள் 7810 என்ற மூன்று கால் சிப்பை வைத்துவிடுவது நிரந்தரத் தீர்வு. அது உண்மையிலேயே அசையாத 10 வோல்ட் கொடுக்கும். சூட்டுக் கணக்கில் பழைய துடிப்புக்குச் சமம் என்பதால் மீட்டர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இப்போது கடையில் விற்கும் புதுப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருப்பது இந்த மாதிரி சிப்தான். பழமை கெடுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் குனிந்து மூடியைப் பிளந்து பார்ப்பவர் யார்? இரண்டு எச்சரிக்கை மட்டும். இந்தச் சிப்புக்கு உள்ளே வருவது வெளியே போவதை விட 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்து 11-க்கு இறங்கினால் இதுவும் தளரும். அடுத்தது, 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். பழைய பட்டைப் பெட்டிக்கு எந்த முனை எர்த் என்ற கவலை கிடையாது. சூடுதானே, எந்தப் பக்கம் பாய்ந்தாலும் சூடுதான். சிப்பை அந்தக் காரில் அப்படியே மாட்டினால் சாவி போட்ட நொடியில் போய்விடும்.

இந்தக் கணக்குகளை எல்லாக் காருக்கும் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. அந்தக் கால ஃபோர்டு மஸ்டாங்கிலும் இதே சூட்டு மீட்டர்தான். ஆனால் ஸ்டெபிலைசர் சுமார் 5 வோல்ட்டுக்கானது, டேங்க் யூனிட் காலிக்கு 73 ஓம், முழுசுக்கு 10 ஓம். 1965 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஸ்டெபிலைசரே இல்லை. இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். காலிக்கு 0 ஓம், முழுசுக்கு 90. அங்கே ஒயர் அறுந்தால் முள் முழுசைத் தாண்டும், எர்த்தைத் தொட்டால் காலிக்கு விழும். ஸ்பிட்ஃபயரில் படித்த பாடத்துக்குத் தலைகீழ்.

எல்லாம் சரிசெய்த பிறகும் முள் ஒரு நூல் இப்படி அப்படி நின்றால், ஸ்மித்ஸ் மீட்டரின் முதுகில் மூடியிருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாகப் பட்டையின் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்த முடியும். நகர்த்துவதற்கு முன் ஒரு வேலை. ஸ்பிட்ஃபயரின் டேங்க் சுமார் 37 லிட்டர். அதை முழுக்க வடித்துவிட்டு, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் அடங்கும்வரை பொறுத்திருந்து, அது நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் பிசகினாலும் காலிக்குப் பக்கத்தில் சரியாக இருந்தால் நான் அந்தத் துளைகளைத் தொடமாட்டேன். தாளை மடித்துக் காரிலேயே வைத்துவிடுவேன்.